பங்குனியில் வளவு பார்க்கப் போதல்: மட்டக்களப்புக்குப் புதிதாக வருவோருக்கு

ரிக்கெற் வெட்டி உள்ளே விடுகிற வீட்டுத்தோட்டம் எனக்குத் தெரிந்து மட்டக்களப்பில் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் அப்படி ஓர் ஏற்பாடு 1927இல் தொடங்கியது. வீட்டுக்காரர் தம் தோட்டத்தை ஒரு நாளைக்குத் திறந்துவிடுவார், பார்க்க வருகிறவர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுப்பார், அந்தக் காசு ஊர் ஊராகப் போய் நோயாளர் பார்க்கும் தாதிமாருக்குப் போகும். முதல் வருடமே அறுநூறுக்கு மேற்பட்ட தோட்டங்கள் திறந்தன. இன்றும் நடக்கிறது. நம் நாட்டிலேயே பெந்தோட்டைப் பக்கம் ஜெப்ரி பாவாவின் லுணுகங்கையும் அவருடைய அண்ணன் பெவிஸ் பாவாவின் பிரீஃப் தோட்டமும் கட்டணத்துக்குக் காட்டப்படுகின்றன. கொழும்பிலிருந்து வருகிற சிநேகிதர்கள் அந்த நினைப்பில்தான் என்னைக் கேட்கிறார்கள்: "உங்கட ஊரில் எந்தத் தோட்டம் நல்லம்? எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

இங்கே திறக்கிறது படலை. படலைக்கு உள்ளே இருப்பது வளவு. வளவில் தென்னையும் மாவும் முருங்கையும் கிணறும் கோழியும் உடுப்புக் காயும் கொடியும் எல்லாம் ஒன்றாக இருக்கும். அதில் எது தோட்டம், எது வீடு என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஆகவே மட்டக்களப்பில் தோட்டம் பார்க்கப் போவதென்றால் ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவதுதான். பயணத் திட்டத்தில் முக்கால்வாசி வேலை யார் வீடு, யார் மூலம், எத்தனை மணிக்கு என்ற மூன்றில் இருக்கிறது. பஸ்ஸும் லொட்ஜும் மிச்சக் கால்வாசி.

எப்போது வருவது

இங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும். அந்த நாட்களில் வளவு பச்சையாக இருக்கும், ஆனால் பாதி தண்ணீரில் நிற்கும். மாசியில் வெள்ளம் வடிந்து வெள்ளாமை வெட்டு நடக்கும். வீட்டில் ஆள் இருக்காது, இருந்தாலும் களைத்துப்போய் இருப்பார்கள். வைகாசி தாண்டினால் கச்சான் காற்று வரும். மேற்கிலிருந்து அனலாக வீசுகிற காற்று. இரண்டு கிழமையில் கீரைப்பாத்தி சருகாகிவிடும். இடையில் மிஞ்சுவது பங்குனியும் சித்திரையும். நெல் வீட்டுக்கு வந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் இன்னும் மேலே நிற்கும், மல்லிகை பூக்கத் தொடங்கும், மாமரத்தில் பிஞ்சு தொங்கும், மரமுந்திரிகை பழுக்கும், வேம்பு பூக்கும். சித்திரை பிறந்தால் கொன்றை. அறுவடை முடிந்த ஓய்வில் ஆடுகிற கோலாட்டத்துக்கு இந்த ஊர் வசந்தன் என்று பெயர் வைத்ததில் காரணம் இல்லாமல் இல்லை.

என்னைக் கேட்டால் மார்ச் மாதத்துக் கடைசி இரண்டு கிழமைதான் முதல் தெரிவு. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் ரயிலில் இடம் கிடையாது, பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடையாது. வீடுகளிலும் வெள்ளையடிப்பு, பலகாரச் சூடு என்று அடுப்படியை விட்டு ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். ஒரு விதிவிலக்கு: வருடப்பிறப்புக்கே உங்களை ஒரு வீட்டில் அழைத்திருந்தால் தயங்காமல் போங்கள். வருடப்பிறப்பன்று தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீருக்கு வேண்டிய தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு எல்லாவற்றையும் எந்த வளவில் எது நிற்கிறது என்று மனக்கணக்கில் வைத்திருந்து பிள்ளைகளை அனுப்பிப் பறிப்பிக்கிற பாட்டிமாரைப் பார்க்கலாம். ஊர்த் தோட்டங்களின் வரைபடம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது.

காத்தான்குடி, ஏறாவூர், நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம் வீடுகளுக்குப் போக நினைப்பவர்கள் நோன்பு மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2026, 2027 இரண்டிலும் அது பெப்ரவரி, மார்ச்சில் வருகிறது. நோன்பு பிடித்திருப்பவர் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தராமல் விடமாட்டார். அந்தச் சங்கடத்தில் அவரை ஏன் வைப்பான்?

யார் மூலம் போவது

சொந்தக்காரர், கூடப் படித்தவர், ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர் என்று ஏதாவது ஒரு நூல் இருந்தால் அதைப் பிடியுங்கள். மட்டக்களப்பில் ஒருவரைத் தெரிந்தால் நாற்பது பேரைத் தெரிந்த மாதிரி. ஒருவரையுமே தெரியாதவர்களுக்கு மூன்று வழி சொல்கிறேன்.

முதலாவது, அந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியர். யார் வளவில் என்ன நிற்கிறது, யார் வந்தவரோடு முகம் கொடுத்துக் கதைப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் அவரைப் பிடிக்கலாம். இரண்டாவது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். வீட்டுத்தோட்டத்தில் கை வைத்திருக்கிற பெண்கள் அநேகமாக அதில் இருப்பார்கள். மூன்றாவது, கோயில். காலைப் பூசை முடிந்து நிற்கிற வண்ணக்கரிடம், அதாவது கோயில் நிர்வாகியிடம், மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, இந்த மாலைக்குப் பூ எந்த வளவிலிருந்து வருகுது?" பூ வருகிற வளவு எப்போதும் பார்க்கத்தக்க வளவு. எனக்கு இந்த மூன்றாவது வழி பிழைத்ததே இல்லை.

பிறகு ஒரு போன். நான்கு நாளைக்கு முன் எடுங்கள்; முதல் நாள் இரவு எடுத்தால் அது அழைப்பாணை மாதிரி இருக்கும். இப்படிக் கதைக்கலாம்:

"அக்கா, உங்கட மூத்த மகளோட படிப்பிக்கிற ரீச்சர்ட சிநேகிதி கதைக்கிறன். வாற சனிக்கிழமை காலமை உங்கட வளவப் பார்க்க வரலாமா? மூணு பேர்தான். சாப்பாடு ஒண்டும் வேணாம், தேத்தண்ணி போதும்."

"வாங்க புள்ள. என்ன இருக்கு பார்க்க, நாலு கத்தரிதான்."

இந்த நாலு கத்தரியை நம்ப வேண்டாம். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். போனால் அரை ஏக்கர் நிற்கும். ஆனால் சாப்பாடு வேண்டாம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டு தரம் சொல்லுங்கள். ஒரு முறை நாங்கள் ஆறு பேர் ஒரு வானில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரு வீட்டில் போய் இறங்கினோம். அந்த அம்மா நாங்கள் வந்த சத்தம் கேட்டதும் கோழியைத் துரத்தத் தொடங்கினார். மூன்று மணிக்குச் சாப்பிட்டோம். வளவை நாலரைக்குப் பத்து நிமிடம் பார்த்தோம். பிழை முழுக்க எங்களுடையது.

மூன்று பேர், கூடினால் நான்கு. காலை ஆறரைக்குப் போய் எட்டரைக்குள் எழும்பிவிடுங்கள். தண்ணீர் ஊற்றுகிற நேரம் அது. வீட்டுக்காரர் எப்படியும் வளவுக்குள்தான் நிற்பார், நீங்கள் அவர் பின்னால் நடந்தால் போதும். இரண்டாவது நேரம் பின்னேரம் நாலரைக்குப் பிறகு. நடுப்பகலில் வெயிலும் உங்களைக் கொல்லும், அவர்கள் படுக்கிற நேரத்தையும் நீங்கள் கொல்வீர்கள்.

எழுவான்கரை ஒரு நாள், படுவான்கரை ஒரு நாள்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிற வாவி மட்டக்களப்பை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும்புகிற கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, சாய்கிற வயல் பக்கம் படுவான்கரை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். மண் வேறு, தண்ணீர் வேறு, ஆகவே தோட்டமும் வேறு.

முதல் நாளுக்கு எழுவான்கரையை வைத்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு அது இலகு. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை பஸ் அடிக்கடி ஓடும். கல்லடிப் பாலம் தாண்டி ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை என்று ஊர்கள் கோர்த்த மாலை மாதிரி வரும். எல்லாம் மணல். மணலுக்குக் கீழே, கடல் உப்புக்கு மேலே, மழைத்தண்ணீர் ஒரு படையாக மிதக்கிறது. அதைத் தொடுகிற அளவுக்கு மட்டும் தோண்டிய ஆழமில்லாத துரவுகளில் இருந்துதான் இந்தக் கரை முழுக்கப் பச்சையானது. துரவுக்குக் கட்டு இருக்காது, சரிவாக மணல் இறங்கும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் வளவுக்குள் நுழைந்ததும் முதலில் துரவு எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டர் போட்டு இறைப்பவர்கள் அதிகமாகிவிட்டாலும் பழைய துரவுகள் பல அப்படியே கிடக்கின்றன.

களுதாவளையில் மிளகாய், கத்தரி, கீரை, வெற்றிலை. வெற்றிலைக் கொடி பார்க்க விரும்புகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டு, உள்ளே போங்கள். சில வீடுகளில் கால் கழுவச் சொல்வார்கள். துடக்கு, அதாவது தீட்டு, பார்க்கிற வீடுகளும் உண்டு. வாதம் பண்ண அது இடமில்லை. உள்ளே நிழலும் ஈரமும் ஒரு குளிர்ச்சியும் இருக்கும், வெளியே மணல் சுடும்போதும்.

இரண்டாம் நாள் படுவான்கரை. ஆரையம்பதி தாண்டியதும் மண்முனைப் பாலம் வருகிறது. 2014இல் திறந்தது, அதற்கு முன் அந்த இடத்தில் பாதையில் கடந்தோம். பாதை என்றால் இங்கே வண்டி வாகனம் ஏற்றுகிற மிதவைப் படகு. பாலம் தாண்டினால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மகிழடித்தீவு, முதலைக்குடா, அம்பிளாந்துறைப் பக்கம் போகலாம். பஸ் குறைவு, ஆகவே நகரிலிருந்தே ஓட்டோ பேசிக்கொண்டு வருவது நல்லது. காத்திருப்பு நேரத்துக்கும் சேர்த்து முதலே விலை பேசுங்கள். அம்பிளாந்துறையில் இருந்து குருக்கள்மடத்துக்கு வாவியைக் கடந்து திரும்புவது என் விருப்பம். பாதை ஓடுகிறதா, கடைசித் தடவை எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரை வளவுகள் பெரியவை. வயலுக்கு நடுவே மேடு, மேட்டில் வீடு, வீட்டைச் சுற்றிப் புளி, விளா, மா, பலா, அன்னமுன்னா. பூ குறைவு, மரம் கூட. வேலியிலே பூவரசும் கிளுவையும். எழுவான்கரைக்காரர் பாத்தி கட்டுவதில் கெட்டிக்காரர் என்றால் இவர்கள் மரம் வளர்ப்பதில்.

இந்தப் பக்கம் யானை வரும். வெல்லாவெளி, வவுணதீவு என்று உள்ளே போகப்போகக் கூடுதல். தென்னங்கன்றையும் வாழையையும் ஒரே இரவில் துடைத்துவிட்டுப் போகும், அப்படி வெறுமையாகக் கிடக்கிற மூலையைப் பார்த்தால் "ஏன் இங்க ஒண்டும் நடல்ல?" என்று கேட்காதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு முன் பாலம் தாண்டிவிட வேண்டும். மின்சார யானை வேலியைத் தொடாதீர்கள். படம் எடுக்கிறேன் என்று பற்றைக்குள் இறங்காதீர்கள்.

நேரம் இருந்தால் மூன்றாம் நாள் தெற்கே அம்பாறை மாவட்டக் கரையோரம் இறங்கலாம்: காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில். விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் காரைதீவு. தூரம் கூடுதல் என்பதால் அக்கரைப்பற்றிலேயே ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் வளவுக்குப் போவது உத்தமம்.

வளவுக்குள் என்ன பார்ப்பது, என்ன கேட்பது

புதியவர்கள் பூவைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதைவிட மரத்தின் வயதைக் கேட்டுப் பாருங்கள். வருடக் கணக்கு வராது. "எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முன்னா பின்னா?" என்று கேளுங்கள்; உடனே பதில் வரும். 1978 நவம்பரில் வந்த சூறாவளி இந்த மாவட்டத்துத் தென்னைகளை நெருப்புக்குச்சி மாதிரி முறித்துப் போட்டது. அதைத் தாண்டி நிற்கிற மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது: எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் கயிறு கட்டி நிமிர்த்தினது, கூரை பறந்தபோது யார் அதன் அடியில் இருந்தது.

கடலோரம் போனால் கணக்கு 2004க்கு மாறும். கல்லடி, நாவலடி, டச்பார் பக்கம் சுனாமி கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போனது. திரும்பத் திரும்ப இறைத்து, மழை பெய்து கழுவி, பிறகுதான் கத்தரி முளைத்தது. அங்கே ஒரு மாமரம் நன்றாகக் காய்த்து நிற்கிறதென்றால் அது பெரும்பாலும் சுனாமிக்குப் பிறகு வைத்த கன்று. படுவான்கரையில் கணக்கு இன்னொன்று. 2006, 2007இல் சண்டையில் சனம் எழும்பி ஓடி, திரும்பி வந்தபோது வளவு காடாகக் கிடந்தது. வேலி திரும்பப் போட்டார்கள், தென்னை திரும்ப வைத்தார்கள். அங்கே நிற்கிற ஒரே உயரத் தென்னைகளைப் பார்த்தாலே அந்த வருடம் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கதையை நீங்கள் கிளறிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டு இருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தமிழருக்கும் இப்படித்தான், முஸ்லிம்களுக்கும் இப்படித்தான். ஆகவே முன்னுக்கு வந்து வரவேற்றுக் கதைக்கிற ஐயாவிடம் வயலைப் பற்றிக் கேளுங்கள். பலா யார் வைத்தது, இந்த மல்லிகைத் தடி எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். பலா அவருடைய அம்மம்மா வைத்ததாக இருக்கும். ஐயா அந்த மரத்துக்கு மருமகன்தான்.

இரண்டு கூடாத காரியம். ஒன்று, கேட்காமல் பறிப்பது. ஒரு கொய்யாப் பிஞ்சு ஆனாலும் சரி. இரண்டு, காய்த்து நிற்கிறதைப் பார்த்து வாய் பிளந்து எண்ணுவது. "ஐயோ, எவ்வளவு காய்!" என்று ஒரு கொழும்புச் சிநேகிதன் ஒரு பூசணிப் பந்தலைப் பார்த்துச் சத்தம் போட்டான். அடுத்த கிழமை அந்த வீட்டு அக்கா எனக்குப் போன் எடுத்து, பூசணிப் பிஞ்சு முழுக்க அழுகி விழுந்ததாகவும், அந்தத் தம்பி சுகமாக இருக்கிறாரா என்றும் கேட்டார். கண்ணூறு இருக்கிறதோ இல்லையோ, பாத்தி நடுவே வெருளியும் கரி பூசிய பானையும் நிற்பதற்கு வீட்டுக்காரரிடம் காரணம் இருக்கிறது. "நல்லாப் பராமரிக்கிறீங்க அக்கா" என்று ஆளைப் புகழுங்கள், காயை விட்டுவிடுங்கள்.

படம் எடுக்கவும் கேட்க வேண்டும். மரத்தை எடுக்கக் கேட்டால் சரி என்பார்கள். கிணற்றடியும் கொடியில் உடுப்பும் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கையில் என்ன கொண்டுபோவது

காசு நீட்டாதீர்கள். நுழைவுக் கட்டணம் மாதிரி எதையாவது கொடுத்தால் அந்தப் படலை உங்களுக்கு அத்தோடு பூட்டிவிடும். மலைநாட்டிலிருந்து வருகிறவர் நல்ல தேயிலை கொண்டுவரலாம், யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர் பனங்கட்டி. எல்லாவற்றையும் விட வரவேற்புப் பெறுவது உங்கள் வீட்டில் நிற்கிற ஏதாவது ஒன்றின் விதை. ஒரு கடதாசியில் சுற்றி, என்ன விதை, எப்போது போட்டால் முளைக்கும் என்று எழுதிக் கொடுத்தால் அந்த அம்மா அதை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைப்பார். ஆனால் அவர்கள் விற்பனைக்குக் கன்று வைத்திருந்தாலோ, கீரைக் கட்டு சந்தைக்குப் போடுகிற வீடாக இருந்தாலோ காசு கொடுத்தே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

உங்களுக்கென்று தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கழற்ற இலகுவான செருப்பு, நுளம்புக்கு ஏதாவது, ஒரு பழைய சாக்கு. சாக்கு ஏன் என்று பிறகு சொல்கிறேன். நகரில் தங்க லொட்ஜ்கள் புளியந்தீவிலும் கல்லடியிலும் இருக்கின்றன. கல்லடியில் தங்கினால் காலையில் தெற்கே போகிற பஸ்ஸைப் பிடிப்பது இலகு. கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ரயில் மாகோ, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக வரும். இரவு ரயிலில் வந்தால் ஒரு நாள் மிச்சம். ஆனால் ஓடுகிற நேரங்கள் மாறிக்கொண்டிருப்பதால் ஸ்ரேசனில் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

எழும்பும்போது

"போறன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் "மறுகா வாங்க" என்பார்கள். மறுகா என்றால் பிறகு, திரும்பவும். அதோடு முடியாது, படலை வரைக்கும் வந்து, திடீரென்று ஞாபகம் வந்தவர் போல் திரும்பிப் போய், செவ்வரத்தையில் ஒரு தடி, குரோட்டனில் ஒரு தடி, பொன்னாங்காணியில் ஒரு பிடி, இரண்டு தேங்காய் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. சாக்கு இதற்குத்தான்.

தடியின் வெட்டுப் பக்கத்தைத் தண்ணீரில் நனைத்த தென்னந்தும்பால் சுற்றுங்கள். அதன் மேல் வாழைமடல். வாழை நாரால் ஒரு கட்டு. இலையில் பாதியைக் கிள்ளிவிட்டால் வாடுவது குறையும். பஸ்ஸிலோ ரயிலிலோ வெயில் படாத பக்கம் வையுங்கள். சாமான் தட்டில் போட்டால் வெந்துவிடும், காலடியில் போட்டால் பக்கத்துக்காரர் மிதிப்பார், ஆகவே மடியில். வீட்டுக்குப் போனதும் அன்று பின்னேரமே நட்டு, பத்து நாள் நிழலில் விடுங்கள்.

தடி துளிர்த்ததும் அந்த வீட்டுக்கு ஒரு போன் எடுங்கள். துளிர்க்காவிட்டாலும் எடுங்கள். "எந்தப் பக்கத்தப் புள்ள கீழ வச்சி நட்டீங்க?" என்று முதல் கேள்வி வரும்.